பார்க்காத தாத்தாவுக்கு எப்படித் துக்கம் விசாரிப்பது?

போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை. ஈஸ்ட் பிரன்ஸ்விக் நூலகத்தின் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வாசிப்புக் குழுவில் கரூர் தாத்தாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "அப்பா நேற்று இரவு காலமாகிவிட்டார். மகள்." அவ்வளவுதான்.

அதற்குக் கீழே நான்கு நிமிடத்துக்குள் பதினோரு பேர் ஆர்.ஐ.பி. போட்டிருந்தார்கள். சிலர் கைகூப்பும் பொம்மை, சிலர் உடைந்த இதயம். நானும் ஒரு கைகூப்பு போட்டேன். பிறகு காரிலிருந்து இறங்கி, நூலகத்துக்குள் போய், லேப்டாப்பைத் திறந்து, ஒரு கிளையண்ட் மீட்டிங்கில் உட்கார்ந்து, டேட்டாபேஸ் மைக்ரேஷன் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். முடிந்த பிறகுதான் கை நடுங்கியது.

இதை எழுதக் காரணம் நான் இல்லை. அந்த வாரம் எங்கள் குழுவில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்குத் தனியாக அனுப்பிய கேள்வி. "அண்ணா, நான் தாத்தாவ நேர்ல பாத்ததே இல்ல. ஸ்கூல்ல அழுதுட்டேன். ஃப்ரெண்ட்ஸ் யாருன்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. இது வியர்டா?"

அவளுக்கு அன்றைக்கு "இல்லம்மா" என்று மட்டும் பதில் போட்டேன். மீதிப் பதில் இது.

முதலில் குழு என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் கடைசியில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தது. உங்களில் பலர் அப்பா அம்மாவோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது எல்லா வீட்டிலும் ஒரே உரையாடல்தான். பெரியவர்கள் "புக் மாதிரி வரல" என்பார்கள், நாம் "எந்த புக்?" என்போம். எனக்கு அது உறுத்தியது. ரட்கர்ஸில் மாஸ்டர்ஸ் முடித்தவன், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வருடம் படித்தவன், ஒரு தமிழ் நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை. நாலைந்து பேரைச் சேர்த்தேன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணி, வீடியோ கால், வாரம் ஒரு அத்தியாயம், மாற்றி மாற்றிச் சத்தமாக வாசிப்பது. எடிசனிலிருந்து இருவர், ஃப்ரீமான்ட், ஃபிரிஸ்கோ, டொராண்டோ என்று மெதுவாகப் பதினாலு பேர் ஆனோம். கரூர் தாத்தா வந்தது ஃபிரிஸ்கோ பையன் மூலமாக. அவனுடைய பாட்டி வீட்டுக்கு எதிர்வீடு. "எங்க பாட்டி வீட்டுக்கு எதிர்ல ஒரு தாத்தா இந்த புக்க அஞ்சு தடவ படிச்சிருக்காராம், கூப்பிடட்டுமா?" என்றான்.

நமக்குச் சனி இரவு ஒன்பது என்றால் அவருக்கு ஞாயிறு காலை ஆறரை. நவம்பரில் இங்கே மணியைத் திருப்பி வைத்ததும் ஏழரை ஆகிவிடும். "உங்க கவர்மெண்டு எனக்கு ஒரு மணி நேரம் தூக்கம் குடுத்திருக்குது கண்ணு" என்று ஒவ்வொரு வருடமும் தவறாமல் சொல்வார். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். படித்தது பத்தாவது வரை.

நாங்கள் தடுக்கி விழும் சொற்களுக்கெல்லாம் அவர்தான். அகராதியில் இருக்கும் அர்த்தத்தை அவர் சொன்னதே இல்லை. கோடிக்கரையில் புதைசேறு வரும் இடம் உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்களில் ஒருவனுக்கு அது புரியவில்லை. தாத்தா மின்கம்பம் நட்ட கதையைச் சொன்னார். ஆற்றோரம் குழி தோண்டினால் பக்கத்து மண் எப்படி உள்ளே வழியும், கம்பத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வந்தால் அது எப்படிச் சாய்ந்திருக்கும், முழங்கால்வரை இறங்கிய ஒருவரைக் கயிறு போட்டு இழுத்தபோது அவர் செருப்பு மட்டும் எப்படி உள்ளேயே நின்றுவிட்டது. அந்தச் செருப்பை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நாவலில் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் மறந்துவிட்டது.

கேள்விக்கு வருகிறேன். நேரில் பார்க்காத ஒருவருக்காக அழுவது வியர்டா?

என் அம்மாவின் தோழி ஒருவர் அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். விஷயம் கேட்டுவிட்டு, "போன்ல பேசினவருக்கு எதுக்குப்பா இவ்ளோ?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்கள் தலைமுறைக்குத் துக்கம் என்றால் ஒரு வீடு இருக்க வேண்டும். செருப்பு குவிந்த வாசல், பிளாஸ்டிக் நாற்காலிகள், சர்க்கரை குறைந்த காபி, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது, பதினாறாம் நாள் காரியம். இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. எங்களிடம் இருந்தது பதினாலு கட்டங்கள் கொண்ட ஒரு திரை. அதில் இனி ஒரு கட்டம் திறக்காது.

ஆனால் தமிழில் இது புதிய விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சங்கப் பாடல்களில் இதற்கு ஒரு ஜோடியே இருக்கிறது. உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டில் பிசிர் என்ற ஊரில் இருந்த புலவர் ஆந்தையார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. நட்பு மட்டும் இருந்தது. பறந்து போகும் அன்னத்தைப் பார்த்து, உறையூருக்குப் போய் என் பெயரைச் சொல் என்று புலவர் பாடுகிறார். பிள்ளைகளோடு சண்டை வந்து, மனம் வெறுத்து, சோழன் வடக்கிருக்கிறான். வடக்கிருப்பது என்றால் வடக்குப் பார்த்து உட்கார்ந்து, சாப்பாட்டை விட்டு உயிரை விடுவது. அப்போது பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஒரு இடம் ஒதுக்குங்கள் என்கிறான். சுற்றி இருந்தவர்களுக்குச் சந்தேகம். பார்த்ததே இல்லையே, இவ்வளவு தூரம் எப்படி வருவார்? அவர் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் போய்விட்டார். புறநானூற்றில் 212-இல் தொடங்கி 223 வரை வரிசையாக இந்தக் கதையைச் சுற்றியே பாடல்கள். நேரில் பழகாமலே நட்பு வரும் என்று சொல்லும் குறளுக்குப் பரிமேலழகர் இந்த இருவரையே உதாரணம் காட்டுகிறார்.

இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னதே கரூர் தாத்தாதான். சொல்லிவிட்டு, "இதுல எங்க ஊர்க்காரர் ஒருத்தரும் பாடியிருக்காரு" என்று பெருமை வேறு. 219-ஆம் பாட்டு, கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார் பாடியது. பழைய கருவூர் இன்றைய கரூரா, கேரளத்தில் இருந்ததா என்று அறிஞர்களுக்குள் பெரிய வாதம் நடந்திருக்கிறது என்று ஒருமுறை நான் இழுத்தேன். "அதெல்லாம் அவங்க பாத்துக்கட்டும் தம்பி. நான் இங்கதான் இருக்கிறேன்" என்றார். விவாதம் முடிந்தது.

எனக்கு அந்தக் கதையில் பிசிராந்தையாரைவிடப் பொத்தியார் மேல்தான் இப்போது கவனம் போகிறது. பொத்தியார் அரசனோடு கூடவே இருந்த புலவர். அவரும் சேர்ந்து வடக்கிருக்க வந்தார். அரசன் விடவில்லை. உன் மனைவிக்குக் குழந்தை பிறக்கட்டும், பிறகு வா என்று அனுப்பிவிட்டான். அவர் திரும்பி வரும்போது அரசன் இல்லை, நடுகல்தான் இருந்தது. அந்தக் கல்லைப் பார்த்துத்தான் அவர் பேசுகிறார். வெளியூர்க்காரருக்கு நேரத்தில் இடம் கிடைத்தது, கூடவே இருந்தவர் தாமதமாகிவிட்டார். தாமதமாகப் போனவனின் வருத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்குப் பக்கமான ஒரு உதாரணமும் உண்டு. 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' என்ற டாக்குமெண்டரியைச் சிலர் பார்த்திருப்பீர்கள், 2024-இல் வந்தது. நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர். டுஷென் என்ற தசைச் சிதைவு நோய். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஆயிரக்கணக்கான மணி நேரம். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துவிட்டார். பையன் அறைக்குள்ளேயே தனியாக இருந்து, நண்பர் யாரும் இல்லாமல், எதையும் அனுபவிக்காமல் போய்விட்டானே என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். அவர் எழுதிவந்த பக்கத்தில் அப்பா மரணச் செய்தியைப் போட்டார். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. உங்கள் மகன் எனக்கு இதைச் செய்தார், என் குடும்பத்துக்கு அதைச் சொன்னார் என்று. விளையாட்டுக் குழுவிலிருந்து சிலர் வேறு நாடுகளிலிருந்து கிளம்பி இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அந்தப் பெற்றோர் தங்கள் மகனைப் பற்றித் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான்.

படம் பார்க்கும்போது அழுதேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அதில் உபயோகமாகப் பட்டது வேறு. அந்த நண்பர்கள் எழுதினார்கள். அவர்களிடம் இருந்த மாட்ஸை அவருடைய வீட்டாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குழுவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றிருந்தால், பெற்றோருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரிந்திருக்காது.

நாங்கள் அதைத்தான் முதலில் செய்யவில்லை. கைகூப்புப் பொம்மை போட்டோம், இரண்டு நாள் குழுவில் "மிஸ் யூ தாத்தா" போட்டோம், ஒருவன் தாத்தாவின் ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பின்னால் சோகப் பாட்டு சேர்த்து வீடியோவாக்கினான். எல்லாம் எங்களுக்குள்ளேயே. கரூரில் ஒரு வீட்டில், அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் தயக்கம் என்பார்கள். என் தமிழ் அக்ஸென்ட் சிரிப்பாக இருக்கும், அழுதுகொண்டிருப்பார்கள், நாம் யார் என்று கேட்டால் என்ன சொல்வது. எனக்கும் அதே தயக்கம்தான். முப்பது வயது தாண்டியவன், தினமும் தெரியாத ஆட்களோடு மீட்டிங் பேசிச் சம்பாதிப்பவன், ஒரு துக்க வீட்டுக்குப் போன் போட ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போட வைத்தார். "என்ன சொல்றதுன்னு யோசிக்காத. எப்படி ஆச்சுன்னு கேளு. அவங்களே பேசுவாங்க."

அப்படித்தான் ஆனது. அந்த அக்கா பேசினார்கள். இரவு சாப்பிட்டுப் படுத்தவர், நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே. சொல்லி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். "நீங்கல்லாம் யாருங்க தம்பி? அப்பா ஞாயித்துக்கிழமை வெடியால கதவச் சாத்திட்டு சத்தமா படிப்பாரு. நாங்க ஏதோ பாராயணம்னு நெனச்சுட்டு இருந்தோம்."

மூன்று வருடம். ஒரே வீடு. மகளுக்குத் தெரியாது. தாத்தா மறைக்கவில்லை என்று நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே? நீங்கள் ராத்திரி யாரோடு என்ன பேசுகிறீர்கள் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியுமா? உங்கள் அப்பா யாரோடு எதைப் படிக்கிறார் என்று உங்களுக்கு?

நான் அந்த அக்காவிடம் புதைசேற்றுக் கதையைச் சொன்னேன். செருப்பு உள்ளே நின்றுபோனதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். "அது அப்பாவோட சொந்தச் செருப்புங்க. எங்கிட்ட வேற மாதிரி சொல்லியிருக்காரு." கயிறு கட்டி இழுக்கப்பட்டவர் தாத்தாவேதான். எங்களிடம் "ஒருத்தர்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். ஆக, அன்றைக்கு நான் ஒன்று கொடுத்தேன், ஒன்று வாங்கிக்கொண்டேன். இறந்து ஆறாம் நாள் அவரைப் பற்றி எனக்குப் புதிதாக ஒரு விஷயம் தெரிந்தது.

அதனால் என் கருத்து இதுதான். ஒருவரோடு சேர்ந்து வாசித்தவர்களிடம் அவருடைய ஒரு பகுதி இருக்கிறது. அவர் வீட்டாரிடம்கூட அது இல்லை. அவர் போன பிறகு அதை நம்மிடமே வைத்துக்கொள்வது சரியில்லை. அது அவர்களுக்குச் சேர வேண்டியது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நமக்குத் துக்கம் விசாரிப்பது. ஆர்.ஐ.பி. என்ற மூன்று எழுத்து யாரிடமும் போய்ச் சேர்வதில்லை.

இப்போது என் தாமதம். இதைச் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் வெறும் உபதேசம்.

தாத்தா வாரா வாரம் வாசிப்பு முடிந்த பிறகு, விட்டுப்போன சொற்களுக்கு ஒன்றிரண்டு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புவார். பின்னால் அவர் வீட்டு மிக்ஸி ஓடும், காக்கை கத்தும். மூன்று வருடத்தில் இருநூறுக்கு மேல் இருந்திருக்கும். போன பொங்கலுக்கு அவர் என்னிடம் கேட்டார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல பெரிய வேலை பாக்கறீங்கல்ல. இதையெல்லாம் ஒரே இடத்துல போட்டு வெக்க முடியுங்களா? பின்னால வர்ற பசங்களுக்கு ஆகும்." செய்கிறேன் தாத்தா என்றேன். என் தொழிலே அதுதான். கம்பெனிகளின் தகவல் தொலைந்துபோகாமல் மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதற்கு ஒரு சாயங்காலம் போதும். மார்ச்சில் போன் மாற்றினேன், பழைய உரையாடல்களை எடுத்து வைக்கவில்லை. மற்றவர்களிடம் இருக்கும் என்று நினைத்தேன். மற்றவர்கள் இடம் பற்றவில்லை என்று அழித்திருந்தார்கள், அல்லது நான் வைத்திருப்பேன் என்று நினைத்திருந்தார்கள். தாத்தாவின் போனிலாவது இருக்கும் என்று அக்காவிடம் கேட்டேன். காரியம் முடிந்து பேரனுக்குக் கொடுத்தாகிவிட்டது, அவன் ரீசெட் செய்துவிட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

எல்லோர் போனையும் துழாவி 61 கிடைத்தன. மீதி போய்விட்டன. ஐந்து நாள் முன்னால் நான் போன் செய்திருந்தால் கிடைத்திருக்கும்.

இப்படித் தொலையாமல் நின்றவை எப்படி நின்றன என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். நாங்கள் பொன்னியின் செல்வனை வாசிப்பது மதுரைத் திட்டத்திலிருந்து. 1998 பொங்கல் அன்று தொடங்கியது அது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர் இருக்கும். நீங்கள் அதை ஸ்க்ரோல் செய்து தாண்டிவிடுவீர்கள். நானும் தாண்டிக்கொண்டிருந்தேன். இப்போது நின்று படிக்கிறேன். இதில் எத்தனை பேர் இன்றைக்கு இருக்கிறார்களோ. ஆனால் கோப்பு ஒருவர் போனில் இல்லை, யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதனால் நிற்கிறது.

உமர்தம்பி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கும் சமீபத்தில்தான் தெரியும், அதற்காக வெட்கப்படுகிறேன், ஏனென்றால் இது என் துறை. தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினத்துக்காரர், 1953-இல் பிறந்தவர், துபாயில் பல வருடம் வேலை பார்த்தவர். இன்று உங்கள் போனில் தமிழ் தானாகத் தெரிகிறது. அப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகவோ, கேள்விக்குறிகளாகவோ, பூச்சி பூச்சியாக ஏதோ எழுத்தாகவோ வரும். யூனிகோட் வந்த பிறகும் பழைய கம்ப்யூட்டர்களில் அதே தொல்லை. உமர்தம்பி 'தேனீ' என்ற யூனிகோட் எழுத்துருவைச் செய்தார். பக்கத்தைத் திறந்ததும் எழுத்துருவும் தானாக இறங்கி, வாசகர் எதையும் நிறுவாமலே தமிழ் தெரிகிற மாதிரி இயங்கு எழுத்துருவாகவும் அதைக் கொடுத்தார். பழைய எழுத்துருக்களில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றும் கருவியும் செய்தார். எல்லாம் இலவசம்.

2006 ஜூலை 12-ஆம் தேதி அவர் இறந்தார். இணையத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தவர்கள், அவர் முகத்தைப் பார்த்தேயிராதவர்கள், அவருக்காக அழுதார்கள். நான்கு வருடம் கழித்துக் கோவையில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடு நடந்தபோது ஒரு அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். நல்ல விஷயம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவர் போன மறுநாளும் 'தேனீ' வேலை செய்தது என்பது. ஊரெல்லாம் பிரதி இருந்தது. சாகும் முன்பே கொடுத்துவிட்டிருந்தார்.

கரூர் தாத்தாவும் கொடுக்கத்தான் கேட்டார். வாங்கி வைக்கச் சொன்னது என்னிடம்.

சரி, அந்தப் பதினாறாம் நாள். போன் செய்த பிறகு குழுவில் எல்லோரிடமும் சொன்னேன், ஆளுக்கு இரண்டு நிமிடம், தாத்தாவிடம் கேட்டதில் உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஒரே ஒரு விஷயத்தைப் பேசிப் பதிவு செய்யுங்கள், "ஹி வாஸ் அ லெஜண்ட்" எல்லாம் வேண்டாம். தமிழ் வராதவர்கள் வராத தமிழிலேயே பேசுங்கள் என்றேன். டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக் குடும்பத்துத் தங்கை ஒருத்தி பேசியது எனக்குப் பிடித்தது. அவள் சொல்லும் "கதைக்கிறது" என்ற சொல்லை இங்கே சிலர் கிண்டல் செய்தபோது, தாத்தா "அந்தப் பிள்ளை சரியாத்தான் பேசுது, நாமதான் மறந்துட்டோம்" என்றாராம். அன்றிலிருந்துதான் அவள் குழுவில் வாய் திறந்தாள். எனக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை. நான் அப்போது அங்கேதான் இருந்திருக்கிறேன்.

பதின்மூன்று பதிவுகளையும், கிடைத்த 61 வாய்ஸ் நோட்டுகளையும் சேர்த்து அக்காவுக்கு அனுப்பினேன். இந்த முறை மூன்று இடத்தில் பிரதி. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு நடு வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். லைன்மேன் வேலையில் கூட இருந்த ஒருவர், "இவன் இவ்வளவு படிப்பானா?" என்று கேட்டாராம்.

குழுவை நிறுத்திவிடலாம் என்று இருவர் சொன்னார்கள். தாத்தா இல்லாமல் வாசிப்பது மரியாதை இல்லை என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாலாம் பாகமான 'மணிமகுட'த்தின் நடுவில் நிறுத்திவிட்டுப் போனால் முதலில் திட்டுவது அவர்தான். அவர் பெயரைக் குழுவுக்கு வைக்கலாமா என்றும் பேச்சு வந்தது. அதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பெயரை எழுதுவதைவிட, அந்த 61 குறிப்புகளையும் கேட்டு, தட்டச்சு செய்து, எந்த அத்தியாயம் என்று போட்டு, யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பது நல்லது. அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் இதுவரை ஒன்பது முடித்திருக்கிறாள். மிக்ஸி ஓடுகிற இடத்தில் அடைப்புக்குறிக்குள் "மிக்ஸி" என்று போடலாமா என்று கேட்டாள். போடு என்றேன்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். பதினொரு பேர். மணி மாறியிருந்தது, கரூரில் ஏழரை. தூக்கத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை, எல்லோரும் அதையே நினைத்தோம் என்று தெரிந்தது. வாசிக்க ஆரம்பிக்கும் முன் கரூர் தாத்தாவின் எண்ணிலிருந்து ஒருவர் சேர்ந்தார். ஒரு நொடி மூச்சு நின்றது. அக்காதான். பேரனிடமிருந்து போனைக் கடன் வாங்கியிருந்தார்கள். கேமராவைப் போடவில்லை. "நான் சும்மா கேக்கறேனுங்க, நீங்க படிங்க" என்றார்கள்.

எடிசன் பையன் தடுமாறித் தடுமாறி வாசித்தான். ஓரிடத்தில் தாழம்பூ வந்தது. நின்றான். "தாழம்பூன்னா?" வழக்கமாகத் தாத்தா தொண்டையைச் செருமும் இடம் அது. யாரும் பேசவில்லை. நான் கூகுளில் படம் தேடப் போனேன்.

"தாழம்பூ தெரியாதுங்களா?" என்றது கரூர்க் கட்டம். "தண்ணி ஓரமா முள்ளு முள்ளா பொதர் இருக்கும். மஞ்சளா, மடல் மடலா. பீரோல துணிக்கு நடுவுல வெப்போம், பட்டுச் சேலைல எல்லாம் அந்த வாசம் நிக்கும்."

"என்ன மாதிரி வாசம் ஆன்ட்டி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் காக்கை கத்தியது.

"அதெப்படிங்க சொல்றது," என்றார்கள். "இருங்க, யோசிக்கிறேன்."